குசினி வயரிங்: மூன்று பேர் மூன்று விலை சொன்னால்

யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் பழைய வீடு. குசினியில் ரைஸ் குக்கர் போடும் பிளக் கருகிப்போனது. அறை முழுவதற்கும் புது வயரிங் செய்துவிடலாம் என்று மூன்று எலக்ரீசியன்மாரைக் கூப்பிட்டீர்கள். முதலாமவர் சாமானும் கூலியும் சேர்த்து ஒரே தொகை சொன்னார். இரண்டாமவர் லைற், பிளக் என்று ஒரு பொயின்ற்றுக்கு இவ்வளவு என்றார். கூட்டிப் பார்த்தால் முதலாமவர் சொன்னதில் ஏறக்குறைய இருமடங்கு வருகிறது. மூன்றாமவர், சாமானை நீங்களே வாங்கித் தாருங்கள், எனக்கு நாட்சம்பளம் போதும் என்றார். மலிவானவரைப் பிடிக்கச் சொல்கிறார் அப்பா. நீங்களோ பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறீர்கள். கிட்ட நின்று பார்க்க ஆளில்லை. யாருடைய விலை நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, இந்த நிலையில் அதை யாராலும் சொல்ல முடியாது. மூவரும் மூன்று வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். முதலாமவர் மனதில் இருப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: கருகிய பிளக்கைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது, சமையல் மேடைக்கு மேலே இன்னும் இரண்டு மூன்று பிளக் வைப்பது, அவை எல்லாவற்றுக்கும் பழைய வயரிலிருந்தே ஒரு கிளை எடுத்து, சுவரில் பிளாஸ்ரிக் கேசிங் அடித்து மூடுவது. ஒரு நாளில் முடியும் வேலை. மலிவாக இல்லாமல் எப்படி இருக்கும்? இரண்டாமவர் மெயின் பெட்டியிலிருந்தே புதிய வயர் இழுப்பதாக நினைத்துச் சொல்லியிருக்கலாம். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாரா என்பது உங்களுக்கும் தெரியாது. எவரும் எழுதித் தரவில்லை. ஆகவே விலையை ஒப்பிடுவதை இரண்டு நாள் தள்ளிவையுங்கள். வேலையை ஒரு தாளில் எழுதுங்கள். அதே தாளுக்கு மூவரையும் விலை சொல்லச் சொல்லுங்கள்.

அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. கருகிய பிளக்கை அம்மா திரும்பவும் பாவிக்கக் கூடாது. "கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் வேலை செய்கிறது" என்ற பேச்சே வேண்டாம். ரைஸ் குக்கரையும் கேத்தலையும் ஒரே மல்ரி பிளக்கில் செருகுவதும் வேண்டாம். வேலை தொடங்கும் வரை ஒன்று முடிந்த பிறகு மற்றது.

பிளக் கருகிவிட்டது என்பதற்காக மட்டும் வயர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றில்லை. கருகும் பிளக்குகளில் பலவற்றுக்குக் காரணம் பின்பக்கம் வயரை இறுக்கும் ஆணி தளர்ந்திருப்பது. தளர்ந்த இடத்தில் சூடு ஏறும், சூட்டில் இன்னும் தளரும், கடைசியில் பிளாஸ்ரிக் உருகும். இதை எந்த பியூஸும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஓடும் மின்னோட்டம் கூடவில்லை. இப்படியானால் பிளக்கை மாற்றி, சேதமான வயர் நுனியை வெட்டி, இறுக்கமாகப் பூட்டினால் போதும். மூவரில் ஒருவராவது அந்தப் பிளக்கைக் கழற்றி உள்ளே பார்த்தாரா? பார்க்காமல் விலை சொன்னவரின் விலைக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

ஆனாலும் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை முழு வயரிங் தேவைப்படும் என்றே நினைக்கிறேன். வீட்டுக்கு ஐம்பது வயது என்கிறீர்கள், மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லை என்கிறீர்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் வயரிங்குக்குத் தனிக்கதை உண்டு. 1990 இல் மின்சாரம் நின்றபின் ஆண்டுக்கணக்கில் இங்கே வயர்கள் சும்மா கிடந்தன. இடம்பெயர்ந்து திரும்பியவர்களில் பலர் வந்து பார்த்தபோது செம்புக் கம்பியே சுவரில் இல்லை. பிறகு ஜெனரேற்றருக்கு ஒரு துண்டு, மின்சார சபை இணைப்பு வந்தபோது இன்னொரு துண்டு, வெளிநாட்டுக் காசில் ஃப்ரிட்ஜ் வந்தபோது மற்றொரு துண்டு என்று ஒட்டுப்போட்டு நீண்டவைதான் இவை. ஒரே குசினியில் மூன்று காலத்து வயரை நான் பார்த்திருக்கிறேன். பிளக்கைக் கழற்றும்போது வயரின் உறை விரலில் உதிர்ந்தாலோ, ஏர்த்துக்கான பச்சை வயரே இல்லாமல் இரண்டு வயர் மட்டும் வந்தாலோ, சிவப்பும் கறுப்பும் இடம்மாறிக் கிடந்தாலோ மேலே யோசிக்க வேண்டாம். மாற்றத்தான் வேண்டும்.

இனி அந்தத் தாளில் எழுத வேண்டியவை. முதலிடம் ஏர்த்துக்கும் ட்ரிப் சுவிட்ச்சுக்கும். விலை குறைத்துச் சொல்பவர்கள் முதலில் விட்டுவிடுவது இந்த இரண்டையும்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏர்த் என்பது பழுதான பொருளின் உடலில் ஏறும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வழி. நம் வீடுகளில் அது மின்சார சபை கொண்டுவந்து தருவதல்ல. எங்கள் வளவில் நாங்களே கம்பி அடித்து எடுத்துக்கொள்வது. வலிகாமத்துச் செம்மண் பார்க்கச் செழிப்பாக இருந்தாலும் சில அடியிலேயே சுண்ணாம்புக்கல் முட்டும் இடங்கள் நிறைய. கம்பி முழுதாக இறங்காது. இறங்கினாலும் ஆடி, ஆவணி வெயிலில் மண் காய்ந்து ஏர்த்தின் தடை ஏறிவிடும். நன்றாக அடித்த ஏர்த்துக்கே தடை 20 ஓம் என்று வையுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் ஒரு வயர் அறுந்து அதன் இரும்பு உடலைத் தொடுகிறது. 230 வோல்ற்றை 20 ஆல் பிரித்தால் மண்ணுக்குள் போவது பதினொன்றரை அம்பியர். 20 அம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இதைக் கண்டுகொள்ளாது, அது விழவே விழாது. ஃப்ரிட்ஜின் உடல் ஏறக்குறைய முழு 230 வோல்ற்றில் நின்றுகொண்டிருக்கும். அம்மா ஈரக் கையோடு, வெறுங்காலோடு, கழுவிய சீமெந்து நிலத்தில் நின்று கதவைத் திறப்பார்.

அந்தக் கணத்தில் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் ஒன்றா என்று அது எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் வித்தியாசம் கண்டால் 0.3 செக்கனுக்குள் துண்டித்துவிடும். வித்தியாசம் பெரிதானால் இன்னும் விரைவாக. தாளில் "30 மில்லி அம்பியர்" என்று எண்ணோடு எழுதுங்கள், ஏனென்றால் 100, 300 மில்லி அம்பியர் வகைகளும் கடையில் உண்டு. அவை தீயிலிருந்து வீட்டைக் காக்க உதவும், ஆளைக் காக்க அவற்றை நம்ப முடியாது.

ட்ரிப் சுவிட்ச் இருந்தால் ஏர்த் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஏர்த் இருந்தால் ஃப்ரிட்ஜ் பழுதான கணமே ட்ரிப் விழும். இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை அது காத்திருக்கும். கணக்குப்படி 30 மில்லி அம்பியர் ட்ரிப்பை விழுத்த 1,600 ஓம் ஏர்த்கூடப் போதும். ஆனால் மாரிக்கும் கோடைக்கும் இடையில் தடை எவ்வளவு மாறும் என்பதை நினைத்தால் 100 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்பதுதான் சரி. கிணற்றடியில் கழுவுதண்ணீர் ஓடும் பக்கம், வாழைப்பாத்தி ஓரம் போன்ற ஈரமான இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள். கல் முட்டினால் கம்பியை வெட்டிக் குறைக்க விடாதீர்கள். தள்ளி இன்னோர் இடத்தில் இரண்டாவது கம்பி அடித்து, இரண்டையும் இணைக்க வேண்டும்; இடைவெளி குறைந்தது ஒரு கம்பியின் நீளம். பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாயில் ஏர்த் கட்டியிருப்பார்கள். இப்போது வழியில் எங்காவது பி.வி.சி. குழாய் சேர்ந்திருக்கும், அது ஏர்த்தே அல்ல.

இன்னொரு கள்ளவேலை இருக்கிறது. ஏர்த் வயர் இல்லாத இடத்தில், பிளக்குக்குள்ளேயே, மின்னோட்டம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரிலிருந்து ஏர்த் முனைக்கு ஒரு சிறு துண்டு வயர் போட்டுவிடுவார்கள். மூன்று லைற் எரியும் சின்னச் சோதனைப் பிளக்கைச் செருகினால் "எல்லாம் சரி" என்றே காட்டும். பின்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் அந்தப் பிளக்கில் செருகியுள்ள பொருளின் இரும்பு உடலில் மின்சாரம் ஏறும். பழைய பிளக்குகளைக் கழற்றும்போது உங்கள் கண்ணால் பாருங்கள். அப்படி ஒரு துண்டு இருந்தால், அதை "இது வழக்கம்தானே" என்று சொல்பவரை வேலைக்கு வைக்க வேண்டாம்.

அடுத்தது வயரும் சுற்றுகளும் (மெயின் பெட்டியிலிருந்து தனித்தனியாகப் போகும் வயர்ப் பாதைகள்). குசினியில் காலை ஆறரை மணிக்கு எவை ஒன்றாக ஓடும் என்று அம்மாவிடம் கேளுங்கள். 2,000 வாற் கேத்தல் 8.7 அம்பியர் இழுக்கும். 700 வாற் ரைஸ் குக்கர் மூன்று. சம்பல் அரைக்கும் 750 வாற் மிக்ஸி 3.3. இவை மூன்றுக்கும் 15 அம்பியர். எரிவாயுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் பல வீடுகளைப் போல நீங்களும் இன்டக்ஷன் அடுப்பு வாங்கியிருந்தால், அதற்கும் 8.7, மொத்தம் 24ஐத் தொடுகிறது. ஒரு 20 அம்பியர் சுற்று இதைத் தாங்காது. ஆகவே பிளக்குகளுக்கு இரண்டு தனிச் சுற்றுகள், லைற்றுக்கும் எக்ஸோஸ்ற் ஃபானுக்கும் ஒரு சுற்று என மூன்றும் மெயின் பெட்டியிலிருந்தே வர வேண்டும். பிளக்குகளை 32 அம்பியர் வளையச் சுற்றாக, அதாவது வயர் பெட்டியில் தொடங்கி எல்லாப் பிளக்கையும் தொட்டு மீண்டும் பெட்டிக்கே வருமாறு, போடுபவர்களும் இருக்கிறார்கள், அதுவும் முறையானதே. ஆனால் வளையம் ஓரிடத்தில் அறுந்தாலும் எல்லாப் பிளக்கும் வழமைபோல வேலை செய்யும், எவருக்கும் தெரியாது, மீதி வயர் அளவுக்கு மீறிச் சுமக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக் குசினிக்கு நான் இரண்டு தனிச் சுற்றுகளையே கேட்பேன்.

கடையில் வயரைக் கம்பி எண்ணிக்கையால் சொல்வார்கள். 7/0.67 என்றால் இரண்டரைச் சதுர மில்லிமீற்றர்; பிளக் சுற்றுக்கு இது வேண்டும், எம்.சி.பி. 20 அம்பியருக்கு மேல் போகக் கூடாது. லைற்றுக்கு 1/1.13 போதும், எம்.சி.பி. 6 அம்பியர். பெரிய மின் அவன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கு மட்டும் 7/0.85 அல்லது 7/1.04 தனியாக. எம்.சி.பி. காப்பது வயரை, பொருளை அல்ல. அடிக்கடி விழுகிறது என்று 20ஐக் கழற்றி 32 பூட்டுபவர், வயர் சுவருக்குள் எரிவதற்கு வழிவிடுகிறார். ஓட்டுக்கோ சீற்றுக்கோ கீழாக வயர் போகும் வீடுகளில் இன்னும் கவனம் தேவை: 30 பாகை வெப்பத்தில் வயர் தாங்கும் என்று சொன்ன மின்னோட்டம் 40 பாகையில் நூற்றுக்கு 87 ஆகக் குறையும். நம் ஊர்க் கூரைக்கடியில் மத்தியானம் 40 என்பது சாதாரணம். அங்கே எலியும் அணிலும் வேறு. கூரைக்குள் போகும் பகுதி முழுவதும் பைப்புக்குள் இருக்க வேண்டும் என்று தாளில் எழுதுங்கள்.

பிளக்குகள் 13 அம்பியர் சதுர முள் வகையாகவே இருக்கட்டும். நாட்டின் நியமம் இப்போது அதுதான். மேடையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தண்ணீர்த் தொட்டி ஓரத்திலிருந்து ஓரடியாவது தள்ளி, அடுப்புக்கு நேர் மேலே வராமல் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடிகட்டி பூட்டியிருந்தால் அதற்கான பிளக்கைத் தொட்டிக்குக் கீழே வைப்பார்கள். வேண்டாம், மேலே வையுங்கள், குழாய் கசிந்தால் முதலில் நனைவது அந்த இடம். விறகடுப்பு இன்னும் எரிகிறது என்றால் அந்தச் சுவரில் எதுவுமே வேண்டாம்.

மெயின் பெட்டியையும் இதோடு யோசிக்க வேண்டும். இப்போது இருப்பது பியூஸ் கம்பி போடும் பழைய பெட்டி என்று உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது. குசினிக்கென்று மூன்று எம்.சி.பி. மட்டும் கொள்ளும் பெட்டி வாங்காதீர்கள். ஆறோ எட்டோ கொள்ளும் பெட்டி வாங்குங்கள். விலை வித்தியாசம் பெரிதல்ல. பிறகு காசு வரும்போது ஒவ்வோர் அறையாக அதற்கு மாற்றிக்கொள்ளலாம். இங்கே ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பழைய வயரிங்கில் ஓர் அறையின் நியூட்ரலை அடுத்த அறைக்கும் கடன் வாங்கியிருப்பார்கள். புது ட்ரிப் சுவிட்ச் பூட்டியதும், அது இல்லாத பொழுதெல்லாம் தெரியாமல் கிடந்த இந்தக் கலப்பு வெளியே வந்து ட்ரிப் விழுந்துகொண்டே இருக்கும். "சுவிட்ச் பிழை" என்று சொல்லி அதைத் தவிர்த்து நேரே இணைத்துவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். சுவிட்ச் சரியாகத்தான் வேலை செய்கிறது. கலந்திருக்கும் நியூட்ரலைத் தேடிப் பிரிப்பது வேலையின் ஒரு பகுதி, அதற்கும் சேர்த்துத்தான் விலை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மின்மானிக்கு முன்னால் உள்ளது எதுவும் உங்களுடையதல்ல, எலக்ரீசியனுடையதும் அல்ல. மானியின் முத்திரையை உடைக்க எவரையும் விடாதீர்கள். அங்கே ஏதாவது செய்ய வேண்டுமென்றால் மின்சார சபைக்குத்தான் அறிவிக்க வேண்டும், தொலைபேசி 1987. சாதாரண வீட்டு இணைப்பு ஒற்றைக்கட்டம் (சிங்கிள் ஃபேஸ்), 30 அம்பியர். அதாவது முழு வீட்டுக்கும் 6,900 வாற். ஏ.சி.யும் இன்டக்ஷனும் நீர்ப்பம்பியும் ஒரே நேரம் ஓடும் வீடாக மாறப்போகிறது என்றால் மூன்றுகட்ட இணைப்புப் பற்றி முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பெட்டியை வாங்குங்கள்.

இப்போது செலவைக் கணக்கிடலாம். ரூபாயில் எண் சொல்ல மாட்டேன். செம்பு விலையும் டொலரும் சேர்ந்து வயர் விலையை அடிக்கடி மாற்றும். இன்று நான் சொல்லும் எண் உங்களைப் பிழையாக வழிநடத்தும். அளவு மாறாது. அளவைத் தெரிந்துகொண்டு கடையில் அன்றைய விலையைக் கேளுங்கள்.

உங்கள் குசினி பன்னிரண்டுக்குப் பத்தடி. முன் விறாந்தையில் உள்ள மெயின் பெட்டியிலிருந்து வயர் போகும் பாதை 15 மீற்றர் என்று வைப்போம். நாடாவால் அளந்து உண்மையான எண்ணைப் போடுங்கள். குசினிக்குள் சுற்றி வந்து இறங்குவதற்கு 8 மீற்றர். ஒரு பிளக் சுற்றுக்கு 23. உயிர் வயர், நியூட்ரல், ஏர்த் என மூன்று ஓடுவதால் 69. இரண்டு சுற்றுக்கு 138. கழிவுக்குப் பத்து வீதம் சேர்த்தால் ஏறக்குறைய 150 மீற்றர். முழுச் சுருள் ஒன்று 100 மீற்றர், ஆகவே 7/0.67 ஒன்றரைச் சுருள். லைற் சுற்றுக்கு 1/1.13 ஒரு சுருளுக்குள் அடங்கும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், நான்கு சுருள் என்று எழுதித் தருபவரிடம் ஏன் என்று கேட்கலாம். அரைச் சுருள் போதும் என்பவர் பழைய வயரிலிருந்துதான் கிளை எடுக்கப்போகிறார் என்பதும் தெரிந்துவிடும். நான் மிகவும் நம்பும் சோதனை இதுதான். வாய்ப்பேச்சில் மறைக்கக்கூடியதை வயரின் மீற்றர்க் கணக்கில் மறைக்க முடியாது.

சாமான் பட்டியலை எடுத்துக்கொண்டு நகரத்தில் ஒரு கடை, சுன்னாகத்திலோ மருதனார்மடத்திலோ ஒரு கடை என்று இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். வயரில் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையும் உற்பத்தியாளர் பெயரும் அளவும் உறையிலேயே அச்சாகி இருக்க வேண்டும். நுனியை உரித்து ஏழு கம்பியையும் எண்ணிப் பாருங்கள். ட்ரிப் சுவிட்ச்சிலும் எம்.சி.பி.யிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். பிளக்கின் முகப்பு அழகுக்குச் செலவழிப்பது பிறகு பார்க்கலாம்.

கூலியை மதிப்பிட ஒரே வழி நாளால் பிரிப்பது. இப்படி ஒரு குசினிக்கு, தேர்ந்த ஒருவரும் ஓர் உதவியாளரும் சேர்ந்தால், பைப்பும் சுவரில் பிளக், சுவிட்ச் பெட்டிகளும் வைக்க ஒன்றரை முதல் இரண்டு நாள், வயர் இழுத்துப் பூட்ட ஒன்றரை நாள், மெயின் பெட்டிக்கும் ஏர்த்துக்கும் சோதனைக்கும் ஒரு நாள் பிடிக்கும். மொத்தம் நான்கு முதல் நான்கரை நாள். உங்கள் பக்கத்தில் இப்போது எலக்ரீசியனுக்கும் உதவியாளருக்கும் கொடுக்கும் நாட்சம்பளத்தை அயலில் இரண்டு வீட்டில் விசாரித்து அதனால் பெருக்குங்கள். அதற்குமேல் கால் பங்கு வரை கூடுதலாகக் கேட்டால் அது நியாயம். அவர் கருவி வைத்திருக்கிறார், பழுது வந்தால் திரும்பி வர வேண்டும். இருமடங்கு கேட்டால் விளக்கம் கேளுங்கள். பாதிக்குச் செய்கிறேன் என்றாலும் அதே விளக்கத்தைக் கேளுங்கள்.

பொயின்ற் கணக்கில் விலை சொன்னவரிடம் பொயின்ற் என்றால் எது என்று எழுதி வாங்குங்கள். லைற்றும் அதன் சுவிட்ச்சும் ஒன்றா இரண்டா? இரட்டைப் பிளக் ஒன்றா இரண்டா? மெயின் பெட்டியிலிருந்து வரும் 15 மீற்றரும் அதற்குள் அடக்கமா? பெட்டி மாற்றுவதும் ஏர்த் அடிப்பதும் தனிக் காசா? நான் கண்ட சண்டைகளில் பாதி இந்த நான்கு கேள்வியால் வந்தவை. மற்றப் பாதி சுவரால் வந்தவை. வெட்டிய சுவரை யார் பூசுவது, உடைந்த ஓடு யாருடைய பொறுப்பு, மேசனுக்குக் காசு யார் கொடுப்பது? சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரானால் வெட்டவே வேண்டாம் என்பேன். வெட்டப் போன இடத்தில் கல்லோடு பெயர்ந்து வரும். பி.வி.சி. பைப்பைச் சுவரின் மேலேயே நேராகப் பூட்டலாம். பார்வைக்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் மேசன் செலவு இல்லை, பிறகு பழுது பார்ப்பதும் இலகு.

ஆளைத் தெரிவதில் எனக்குச் சான்றிதழ் முக்கியம்தான், ஆனால் அதுவே முடிவு அல்ல. தேசிய தொழில் தகைமையில் நான்காம் மட்டம் முடித்தவர்கள் யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்தும், கிளிநொச்சியிலுள்ள ஜேர்மன் பயிற்சி நிலையம் போன்றவற்றிலிருந்தும் வருகிறார்கள். வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் தேர்ந்தவர்களும் மதிப்பீட்டுக்குத் தோற்றி அதே சான்றிதழைப் பெறலாம். இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். "நான் மின்சார சபையில் வேலை செய்தவன்" என்பது நல்ல அறிமுகம்தான், ஆனால் கம்பத்து வேலையும் வீட்டு வயரிங்கும் வேறு வேறு. விலை பேச வருபவரும் வேலைக்கு வருபவரும் ஒருவரா என்றும் கேளுங்கள். கடைசியாக அவர் செய்த வீடு ஒன்றுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள்: வயர்கள் நிறம் மாறாமல், ஒவ்வோர் எம்.சி.பி.க்கும் பெயர் எழுதி ஒழுங்காக இருந்தால், சுவருக்குள்ளும் அப்படித்தான் செய்திருப்பார்.

நேரில் பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "மெகர் வைத்திருக்கிறீர்களா, வேலை முடிந்ததும் அளந்து எழுதித் தருவீர்களா?" வயரின் உறை எவ்வளவு நல்லது என்று 500 வோல்ற் கொடுத்து அளக்கும் கருவி அது. ஆகக் குறைந்தது ஒரு மெகா ஓம் வர வேண்டும். புது வயரானால் நூற்றுக்குமேல் காட்ட வேண்டும். இரண்டு மூன்று என்று காட்டினால் எங்கோ ஆணி குத்தியிருக்கிறது அல்லது ஈரம் புகுந்திருக்கிறது. சொந்தமாக இல்லாவிட்டால் இரவல் வாங்கி வரட்டும், வாடகையை நீங்கள் கொடுங்கள். ஏர்த் தடையையும் அளக்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டினால் போதாது. அந்தப் பொத்தான் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும், ஏர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

காசை மூன்றாகப் பிரியுங்கள். சாமான் உங்கள் பெயரில், உங்கள் பற்றுச்சீட்டில். கூலியில் மூன்றில் ஒரு பங்கு பைப்பும் சுவர்ப் பெட்டிகளும் முடிந்ததும், அடுத்தது வயர் இழுத்ததும், கடைசிப் பங்கு அளவுகளை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்ததும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் நல்ல வேலைக்காரராகவும் இருக்கலாம். ஆனாலும் நீங்கள் பகலில் வீட்டில் இல்லாதபோது இதைத் தவிர உங்களுக்கு வேறு பிடி இல்லை.

உங்கள் நிலைமையில் நாட்சம்பளம் சரிவராது. பக்கத்தில் நின்று பார்க்க ஆளிருக்கும் வீட்டுக்கு அது நல்ல முறை. அப்பாவை ஏணியடியில் நிற்கவைக்க முடியாது. ஒரே தொகை என்பதில் எதைக் குறைத்தார் என்று தெரியாது. ஆகவே சாமான் உங்களுடையது, கூலி மட்டும் பொயின்ற் கணக்கு, ஏர்த்துக்கும் பெட்டிக்கும் தனி விலை என்று இரண்டாமவரோடு பேசிப் பாருங்கள். அந்தத் தாளை முதலாமவரிடமும் கொடுங்கள். அதே வேலையை இன்னும் குறைவாகச் செய்வதாக எழுதித் தந்து, மெகரும் கொண்டுவருவாரென்றால் அப்பா சொன்னபடியே அவரைப் பிடிக்கலாம்.

வேலை நடக்கும் நாள்களில் மாலையில் வந்ததும், பைப்பும் வயரும் மூடப்படுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவைப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள். பிறகு அலுமாரி பூட்ட ஆணி அடிக்கும்போது உதவும். பெட்டியில் ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ட்ரிப்பின் சோதனைப் பொத்தானை எப்படி அழுத்துவது, விழுந்தால் எந்தப் பொருளை முதலில் கழற்றிப் பார்ப்பது என்பதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எலக்ரீசியனே காட்டிவிட்டுப் போகட்டும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்தால் போதும்.